நீலக் குழந்தைகளுக்கு வழி கண்ட விவியன் தாமஸ்

பிறவியிலேயே இதயம் பழுதுற்று, உதடும் விரல் நுனியும் நீலம் பாய்ந்து, நான்கடி நடந்தால் மூச்சிரைத்துக் குந்திவிடும் குழந்தைகளை நம் பேரையூர்ப் பகுதியினரும் அறிவர். அவர்களுக்கு அறுவை மருத்துவத்தால் வாழ்வுண்டு என்று உலகிற்குக் காட்டிய மூவருள் ஒருவர் மருத்துவப் படிப்பே படியாதவர், கறுப்பினத்தவர், தச்சரின் மகன். அவர் வரலாற்றை இங்குச் சுருக்கிக் கூற விழைகிறோம்.

விவியன் தாமஸ் 1910இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்து, நாஷ்வில் நகரில் வளர்ந்தார். மருத்துவராகும் வேட்கையால் தச்சுக்கூலியைச் சிறுகச் சிறுகச் சேமித்தார். பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கி வீழ, அப்பணமும் போயிற்று. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் பிளாலாக் என்னும் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்தார். செய்ததோ ஆய்வுப்பணி; பதிவேட்டில் எழுதப்பட்டதோ துப்புரவுப் பணியாளர் என்று; கூலியும் அதற்குரியதே. இதனை நம் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

1941இல் இருவரும் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்றனர். நீலக் குழந்தைகளின் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. அதற்கு வழி செய்ய இயலுமா என்று குழந்தை மருத்துவர் ஹெலன் டாசிக் அம்மையார் வினவினார். தாமஸ் முதலில் நாய்களிடம் அக்குறையை உண்டாக்கினார். பின்னர், கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைத்துத் தைத்துப் பார்த்தார். ஏறத்தாழ 200 நாய்களிடம் இவ்வாய்வு நடந்தது. 1944 நவம்பர் 29 அன்று, பதினைந்து மாதக் குழந்தை ஒன்றிற்குப் பிளாலாக் அறுவை செய்தார். அவர் தோளுக்குப் பின்னே படிப்பலகையில் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் தாமஸ். இத்தையலில் கைபழகியவர் அவரே அன்றோ! அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆயினும் அடுத்து வந்த குழந்தைகள் தேறினர்.

1945இல் வெளிவந்த கட்டுரை பிளாலாக், டாசிக் இருவர் பெயரையே தாங்கியது. பகலில் தம்மிடம் அறுவை பயின்ற மருத்துவர்களுக்கே, பிளாலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறிக் குடும்பத்திற்குப் பொருளீட்டினார் தாமஸ்.

இவ்வறுவை இரத்தத்திற்கு மாற்றுவழி அமைத்ததேயன்றி, இதயத்தின் பழுதை நீக்கவில்லை. இதயத்தையே திறந்து முழுமையாகச் சீர்செய்யும் முறையை 1954இல் மினசோட்டாவில் லில்லிஹை தொடங்கினார். 1960களின் தொடக்கத்திலேயே நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை நடந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது.

1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தாமஸிற்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது. அதுவும் மருத்துவத்திற்கன்று, சட்டத்திற்கு! 1979இல் ஓய்வு பெற்ற அவர் 1985 நவம்பரில் மறைந்தார். அவர் எழுதிய தன்வரலாறு சில நாட்களில் அச்சாகி வந்தது. பிளாலாக் - டாசிக் என்று வழங்கிய அறுவையை இன்று மருத்துவர் பலர் பிளாலாக் - தாமஸ் - டாசிக் என்றே எழுதுகின்றனர்.