தந்தை செல்வா: கொடுத்த வாக்கைக் காத்த மனிதர்



மொன்றியாலில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சும், வீதியில் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசுகிறார்கள். அம்மம்மாவும் அப்பப்பாவும் ஏன் ஊரை விட்டு வந்தார்கள் என்று அவர்கள் கேட்டால், பெரியவர்கள் 1983ஆம் ஆண்டுக் கலவரத்தைச் சொல்வோம், அல்லது குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் சொல்வோம். ஆனால் அந்தக் கதை 1983இல் தொடங்கவில்லை. அதன் முற்பகுதியை ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு சொன்னால் பிள்ளைகளுக்கு இலகுவாக விளங்கும். நம்மைப் போல் திருச்சபையில் வளர்ந்த அவரைத் தமிழர் தந்தை செல்வா என்று அழைத்தார்கள்.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். அந்நாளில் யாழ்ப்பாணத்தார் பலர் உத்தியோகம் தேடி மலாயாவுக்குப் போனார்கள். அவருடைய தந்தையும் அப்படிப் போனவரே. ஆகவே தந்தை செல்வாவும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைதான். நான்கு வயதில் தாயாருடன் ஊருக்குத் திரும்பித் தெல்லிப்பழையில் வளர்ந்தார். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் தொடங்கிய யூனியன் கல்லூரியிலும், பின்பு யாழ்ப்பாணம் சென். ஜோன்ஸ் கல்லூரியிலும், கொழும்பு சென். தோமஸ் கல்லூரியிலும் படித்தார். அதே சென். தோமஸ் கல்லூரியில் அக்காலத்தில் படித்த இன்னொரு மாணவரின் பெயர் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கா. இந்தப் பெயரைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வநாயகம் 1918இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று ஆசிரியரானார். கடும் நோயில் கிடந்த சகோதரனைப் பார்க்க விடுமுறை கேட்டபோது கிடைக்கவில்லை. அவர் அந்த வேலையையே விட்டுவிட்டார். பிறகு சட்டம் படித்து, 1923இல் அப்புக்காத்தாகி, சிவில் வழக்குகளில் பெரும் பெயர் எடுத்தார். அவர் மேடைப் பேச்சாளர் அல்லர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். வயது போகக் காதும் மந்தமானது, நடுக்குவாத நோயும் வந்தது. ஆனாலும் அவர் சொன்னால் செய்வார் என்று சனம் நம்பியது. 1947இல் காங்கேசன்துறைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அங்கே வாக்காளரில் மிகப் பெரும்பாலானோர் சைவர்கள், அவரோ கிறிஸ்தவர்.

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த சுமார் 7 இலட்சம் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அந்த அரசாங்கத்தில் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். செல்வநாயகம் அவரோடு போகவில்லை. மலையகத்தார் அவருக்கு வாக்குப் போட்டவர்கள் அல்லர், உறவினரும் அல்லர். இருந்தும், இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை மற்றத் தமிழருக்கும் நேரும் என்று எச்சரித்தார். 1949 டிசம்பரில் வன்னியசிங்கம், நாகநாதன் முதலியோருடன் சேர்ந்து இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அடுத்த தேர்தலில், 1952இல், தமது தொகுதியிலேயே தோற்றார். தோற்ற பின்னும் கொள்கையை மாற்றவில்லை.

அந்தக் கட்சி கேட்டது என்ன? சமஷ்டி ஆட்சி. பிள்ளைகளே, நீங்கள் வாழும் கனடா ஒரு சமஷ்டி நாடு. கியூபெக் மாகாணத்துக்குத் தனிச் சட்டமன்றம் உண்டு, பள்ளிக்கூடங்களை அதுவே நடத்துகிறது. வடக்கு கிழக்குத் தமிழருக்கும் அப்படியான ஒழுங்கு வேண்டும் என்றார் அவர். ஆச்சரியம் என்னவென்றால், இலங்கைக்குச் சமஷ்டியே பொருத்தம் என்று 1926இலேயே யாழ்ப்பாணத்தில் பேசியவர் இளைஞர் பண்டாரநாயக்கா!

ஆனால் 1956இல் அதே பண்டாரநாயக்கா, 24 மணி நேரத்தில் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்குவேன் என்று வாக்குறுதி கொடுத்துப் பிரதமரானார். சிங்கள மக்களின் மனக்குறையையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் படித்த சிலரே நாட்டை ஆண்டார்கள். சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு உத்தியோகம் எட்டாமல் இருந்தது. மிஷன் பள்ளிக்கூடங்களால் ஆங்கிலம் முந்திக் கற்ற யாழ்ப்பாணத்தார் அரசாங்க வேலைகளில் தங்கள் தொகைக்கு மேலாக இருந்தார்கள். குறை உண்மையானது. ஆனால் அதைத் தீர்க்க எடுத்த வழி, இன்னொரு மக்களின் மொழியைத் தள்ளி வைப்பதாக இருந்தது. இடதுசாரிச் சிங்களத் தலைவர்கள் சிலரும் அன்று அதை எதிர்த்து வாக்களித்தார்கள்.

1956 யூன் 5ஆம் திகதி, அந்தச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாளில், செல்வநாயகமும் தோழர்களும் கொழும்பு காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. இளம் உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் கட்டுடன் சபைக்குள் போனார். சில நாட்களில் கல்லோயாப் பகுதியிலும் தமிழர் கொல்லப்பட்டார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. 1957 யூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். வடக்கு கிழக்கில் நிருவாகம் தமிழில் நடக்கும், பிரதேச சபைகள் வரும், காணியும் விவசாயமும் கல்வியும் அவற்றின் பொறுப்பில் இருக்கும். சமஷ்டி கேட்டவருக்கு இது குறைவுதான். ஆனாலும் சமாதானத்துக்காக ஏற்றுக்கொண்டு, ஆகஸ்டில் தொடங்க இருந்த போராட்டத்தைக் கைவிட்டார்.

எதிர்க்கட்சியில் இருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனா ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் தொடங்கினார். வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது, வடக்கில் தமிழர் அதற்குத் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி புத்த பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் வந்து இருந்தார்கள். அன்றே பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் நாடு முழுவதும் கலவரம். வீடிழந்த தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். தமிழரை ஒளித்துக் காப்பாற்றிய சிங்கள அயலவரும் அந்நாட்களில் இருந்தார்கள். 1959இல் பண்டாரநாயக்காவே ஒரு பிக்குவின் துப்பாக்கிக்குப் பலியானார்.

செல்வநாயகம் அகிம்சை வழியை விடவில்லை. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் ஆண்களும் பெண்களும் வாரக்கணக்கில் அமர்ந்தார்கள். இராணுவம் வந்தது, தலைவர்கள் மாதக்கணக்கில் தடுப்புக்காவலில் இருந்தார்கள். 1965இல் பிரதமர் டட்லி சேனநாயக்காவுடன் இரண்டாவது ஒப்பந்தம் செய்தார். அதில் வாக்களித்த மாவட்ட சபைகளும் வரவில்லை. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பு தமிழரின் கோரிக்கைகளை ஒதுக்கியது. தமிழர் அதை ஏற்கிறார்களா என்று சோதித்துப் பாருங்கள் என்று அவர் தமது பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசாங்கம் 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. 16,000க்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார்.

1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில், அவர் தலைமையில், தனிநாடு வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. இருபத்தேழு ஆண்டுகள் ஒரே நாட்டுக்குள் தீர்வு தேடியவர் களைத்துப்போய் எடுத்த முடிவு அது. 1977 ஏப்ரல் 26ஆம் திகதி காலமானார். அவர் போனபின் இளைஞர் பலர் ஆயுதத்தை நம்பினார்கள். 1983 யூலைக் கலவரம், போர், 2009இல் முள்ளிவாய்க்கால் எல்லாம் பின்னால் வந்தன. காலிமுகத்திடலில் அடிவாங்கிய அமிர்தலிங்கம், 1989இல் தமிழ் இளைஞரின் துப்பாக்கியாலேயே இறந்தார். இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தந்தை செல்வா இறந்த அதே 1977இல்தான் கியூபெக்கில் பிரெஞ்சு மொழிச் சாசனம், நாம் 101ஆம் சட்டம் என்று சொல்வது, வந்தது. இங்கேயும் மொழிக்காகக் கோபம் இருந்தது. 1970இல் அமைச்சர் பியேர் லாபோர்ட் கடத்திக் கொல்லப்பட்டார். ஆனாலும் பிரிவதா இல்லையா என்ற கேள்வியை 1980இலும் 1995இலும் மக்களிடமே கேட்டார்கள். 1995இல் வித்தியாசம் சுமார் 54,000 வாக்குகள் மாத்திரம். மறுநாள் காலை எல்லோரும் வேலைக்குப் போனார்கள். அவர் இலங்கைக்குக் கேட்டதும் இப்படி ஒரு வழிதான்: பேசுவது, எழுதிக் கையெழுத்திடுவது, எழுதியதைக் காப்பது.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய மருமகன், பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சன், நமது அயல் மாகாணமான நியூ பிரன்சுவிக்கில் படிப்பித்தவர். வளர்ந்த பிள்ளைகள் அந்த நூலைத் தேடி வாசிக்கலாம். சின்னவர்களுக்கு ஒரு வேலை: இன்று வீட்டுக்குப் போனதும் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ, 1958இலும் 1977இலும் 1983இலும் நம் குடும்பம் எங்கே இருந்தது என்று கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஒப்பந்தங்கள் இரண்டும் கைவிடப்பட்டபோதும் கைநீட்டப் பின்வாங்காத அந்த மனிதருக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் பயமின்றி வாழும் நாளுக்காகவும் நமது சபையாக ஜெபிப்போம்.