மேக் அண்ட் சீஸ் பெட்டி யார் ஐடியா? குதிரை வண்டியில் சீஸ் விற்ற ஜேம்ஸ் கிராஃப்ட்டின் கதை

பெங்களூருவிலிருந்து தொப்பூருக்கு லீவில் வரும்போது, சூப்பர் மார்க்கெட்டின் சொந்த பிராண்டு 'மேக் அண்ட் சீஸ்' பெட்டி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வர்றீங்கன்னு வைங்க. பஸ்ஸில் சில மணி நேரம் வெயிலில் கிடந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. அதுவே சாதாரண சீஸ் கட்டியா இருந்தா, எண்ணெய் கசிந்து வாடை வந்திருக்கும். இந்த வித்தியாசத்தை உருவாக்கத்தான் ஒரு மனிதர் பல ஆண்டுகள் போராடினார். அவர் ஜேம்ஸ் லூயிஸ் கிராஃப்ட்.

யார் இவர்?

1874-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிள்ளைகள் நிறைந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மளிகைக் கடையில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு சீஸ் கம்பெனியில் போட்டார். கம்பெனி வேலையாக அவர் சிகாகோவில் இருந்தபோது, கூட்டாளிகள் அவரைக் கழற்றிவிட்டார்கள்.

1903-ல் அவர் கையில் இருந்தது வெறும் 65 டாலர். ஊருக்குத் திரும்பவில்லை. ஒரு குதிரையையும் வண்டியையும் வாடகைக்குப் பிடித்தார். மொத்தச் சந்தையில் சீஸ் வாங்கி, மளிகைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். குதிரையின் பெயர் பேடி. முதல் வருஷம் லாபம் இல்லை, 3,000 டாலர் நஷ்டம்தான். பிறகு தம்பிகள் வந்து கைகொடுக்க, வியாபாரம் மெல்ல நிமிர்ந்தது.

அப்படி என்ன பிரச்சனை?

அந்தக் காலத்தில் சீஸ் பெரிய சக்கரமாக வரும். கடைக்காரர் வெட்டி எடை போட்டுத் தருவார். வெட்டிய பக்கம் காய்ந்துபோகும். கோடையில் சீக்கிரம் கெடும். வீணாவதெல்லாம் வியாபாரியின் தலையில்தான் விழும்.

கிராஃப்ட் சீஸைச் சூடாக்கிப் பார்த்தார். கொழுப்பு தனியாகப் பிரிந்து வந்தது. சுமார் 80 டிகிரி செல்சியஸில், 15 நிமிடம் கைவிடாமல் கிளறினால் பிரியாது என்பது பிறகுதான் பிடிபட்டது. கிருமிகள் அழிந்த அந்தச் சூடான சீஸை டின்னில் அடைத்தால் மாதக்கணக்கில் தாங்கியது. 1916-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. சுவிட்சர்லாந்தில் 1911-லேயே வேறு இருவர் இதே மாதிரி ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால், அதைப் பெரிய சந்தையாக மாற்றியவர் கிராஃப்ட்.

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 27 லட்சம் கிலோ டின் சீஸ் வாங்கியது. இது சீஸே இல்லை என்று பாரம்பரிய சீஸ் தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். கடைசியில் 'பதப்படுத்திய சீஸ்' என்ற தனிப் பெயர் நிலைத்தது. இன்று நம்ம வீட்டு பிரிட்ஜில் இருக்கும் சீஸ் ஸ்லைஸும் கியூபும் இந்த வகைதான்.

மக்ரோனி எங்கே வந்தது?

1930-களில் அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தநிலை. செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு விற்பனையாளர், மக்ரோனி பெட்டியோடு சீஸ் பொட்டலத்தை ரப்பர் பேண்டு போட்டு விற்றதாகச் சொல்வார்கள். கிராஃப்ட் நிறுவனம் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு, 1937-ல் 'கிராஃப்ட் டின்னர்' பெட்டியை இறக்கியது. 19 சென்ட் விலை, 9 நிமிட சமையல், 4 பேருக்குச் சாப்பாடு. இரண்டாம் உலகப் போரில் இறைச்சியும் பாலும் தட்டுப்பாடானபோது விற்பனை எகிறியது. கனடாவில் இன்றும் இதன் செல்லப் பெயர் 'கே.டி.' (நம்ம ஊரு கேடி இல்லை!)

ஓய்வு நேரத்தில் கிராஃப்ட்டுக்குப் பிடித்தது பச்சை ஜேடு கல்லைத் தேடி அலைவதும், அதை வெட்டி மெருகேற்றுவதும்தான். 1947-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1953-ல் காலமானார்.

கடை பிராண்டு எப்படி?

1916 காப்புரிமையின் காலம் 17 ஆண்டுகள்தான். அது எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் எந்தக் கடையும் மக்ரோனியையும் சீஸ் பொடியையும் பெட்டியில் போட்டுத் தன் பெயரில் விற்கலாம்.

வீட்டில் முயற்சி செய்தால் ஒரு விஷயம்: மக்ரோனியை வேகவைத்து வடித்ததும், பொடியை நேராகக் கொட்டாதீங்க, கட்டி தட்டும். கொஞ்சம் வெதுவெதுப்பான பாலில் கரைத்து, வெண்ணெயோடு சேர்த்து, அடுப்பை அணைத்துவிட்டுக் கிளறுங்க. உப்பு தூக்கலாக இருக்கும், லேபிளைப் பார்த்துக்கோங்க. மேலே மிளகுத்தூள் தூவினால் நம்ம நாக்குக்கு ஒத்துப்போகும். கிராஃப்ட் அன்று கற்ற பாடமும் இதுதான்: சூடு அளவோடு இருக்கணும், கிளறுவதை நிறுத்தக் கூடாது.