கடலைக் குழந்தைக்கு எப்படிச் சொல்லித் தருவது? ரேச்சல் கார்சன் செய்தது இதுதான்

பிளாஸ்டிக் போடாதே, ஆமையைக் காப்பாற்று, மீன் அழியுது. இன்றைக்குக் கடலைப் பற்றிக் குழந்தைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் இப்படிக் கட்டளைகளைத்தான். ஆனால், கடலைப் பற்றி எழுதியே உலகப் புகழ்பெற்ற ஒருவர், தன் வீட்டுக் குழந்தைக்கு வேறு மாதிரி ஆரம்பித்தார்.

அவர் அமெரிக்க உயிரியலாளர் ரேச்சல் கார்சன். குழந்தையின் பெயர் ரோஜர், அவருடைய அக்காவின் பேரன். ஒரு புயல் இரவில், 20 மாதமே ஆன ரோஜரைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு, மழையோடு மழையாகக் கடற்கரைக்குப் போனார். இருட்டில் அலை முழங்க, இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், பாடம் எதுவும் இல்லை. (நம்ம வீட்டுப் பாட்டிகள் விட்டிருக்க மாட்டார்கள்!) புயல் ஓய்ந்ததும் மறுபடியும் போய், டார்ச் அடித்து, மணல் நிறத்திலேயே ஓடும் சின்ன நண்டுகளைத் தேடினார்கள்.

இத்தனைக்கும், கார்சன் சின்ன வயதில் கடலைப் பார்த்ததே இல்லை. 1907-ல் பென்சில்வேனியா மாநிலத்தில், கடலிலிருந்து வெகுதூரத்தில் பிறந்தவர். காடு, வயல் எனக் கூட்டிக்கொண்டு சுற்றியது அம்மா. 1929-ல் வுட்ஸ் ஹோல் ஆய்வகத்துக்குப் போனபோதுதான் முதன்முதலில் கடலைப் பார்த்தார்.

1932-ல் விலங்கியலில் முதுகலைப் பட்டம். அப்பா இறந்த பிறகு குடும்பச் சுமை தலையில் விழ, அரசின் மீன்வளத் துறைக்குக் கடல் பற்றிய ரேடியோ நிகழ்ச்சிகளை எழுதினார். பிறகு அங்கேயே வேலை கிடைத்தது. 1951-ல் வந்த 'தி சீ அரவுண்ட் அஸ்' 86 வாரங்கள் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இருந்தது. மறுவருடமே வேலையை விட்டார். மெய்ன் மாநிலத்தின் சவுத்போர்ட் தீவில், கரையை ஒட்டி ஒரு சின்ன வீடு கட்டினார்.

கடல் வற்றும் நேரத்தில் பாறைக் குழிகளில் தேங்கும் நீர்தான் அவருடைய ஆய்வுக்கூடம். எடுத்துவந்த உயிரினங்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து முடித்ததும், வாளியில் கொண்டுபோய்க் கடலிலேயே விடுவார். ரோஜரோடு நடக்கும்போதும் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னதில்லை. பிடித்ததைப் பார்த்ததும் கூப்பிட்டுக் காட்டுவார், அவனும் காட்டுவான். சொல்லிக் கொடுக்காமலே நத்தை, சிப்பிகளின் பெயர்கள் அவன் வாயில் வந்தன. இந்த அனுபவங்களை 1956-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையாக எழுதினார். முதலில் வியப்பு வரணும், தகவல் தானாகவே பின்னால் வரும் என்பது அவர் கட்சி. பெற்றோருக்கு உயிரியல் தெரியவில்லை என்றால்கூட பரவாயில்லை, கூட இருந்து ரசித்தால் போதும்.

அடுத்த வருடமே ரோஜரின் அம்மா இறந்துபோனார். ஐந்து வயதுப் பையனை, ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த கார்சன் தத்தெடுத்தார்.

அதே காலத்தில் கடல் பற்றிய அவருடைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டது. மனிதன் நிலத்தைக் கெடுத்தாலும் கடலைத் தொட முடியாது என்றுதான் முன்பு நினைத்திருந்தார். 1961-ல் தன் கடல் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், அது தவறு என்று ஒப்புக்கொண்டார். காரணம், கடலில் கொட்டப்பட்ட அணுக்கழிவு. 1962-ல் 'சைலண்ட் ஸ்பிரிங்' வந்தது. கனடாவின் மிராமிச்சி ஆற்றங்கரைக் காடுகளில் பூச்சிக்காகத் தெளித்த டிடிடி, ஆற்றில் இருந்த சால்மன் குஞ்சுகளைக் கொன்ற கதையும் அதில் உண்டு. ரசாயன நிறுவனங்கள் அவர்மீது பாய்ந்தன. அப்போதே அவருக்கு மார்பகப் புற்றுநோய், வெளியே சொல்லவில்லை.

ரோஜரோடு நடந்த நடைகளைப் பற்றிய அந்தக் கட்டுரையை முழுப் புத்தகமாக விரிக்கணும் என்று ஆசைப்பட்டார். நேரம் கிடைக்கவில்லை. 1964 ஏப்ரல் 14 அன்று, 56 வயதில் இறந்தார். ரோஜருக்கு அப்போது 12 வயது. கட்டுரை இருந்தது இருந்தபடியே, 1965-ல் 'தி சென்ஸ் ஆஃப் வொண்டர்' என்ற புத்தகமானது. கார்சனின் சாம்பலில் ஒரு பகுதியை சவுத்போர்ட் தீவின் கடலில் தூவினார்கள்.