குளத்துக் கெண்டையை முட்டையிட வைத்த ஹிராலால் சவுத்ரி

எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் படகுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த வாயில், மடவைக் குஞ்சும் பால் கெண்டைக் குஞ்சும் ஓதத்தோடு உள்ளே வரும். வளர்ந்த பிறகு முட்டையிடக் கடலுக்கே போய்விடும். கழிமுகத்தில் எவ்வளவு தின்று கொழுத்தாலும் அங்கே முட்டையிடாது. குஞ்சு வேண்டுமென்றால் கடல் கொடுத்தால்தான் உண்டு.

உங்கள் பண்ணைக் குட்டையில் வளரும் கட்லா, ரோகு, மிர்காலுக்கும் ஒரு காலத்தில் இதே நிலைதான். இவை கங்கை போன்ற ஆறுகளில் தென்மேற்குப் பருவமழை வெள்ளம் வரும்போது முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் சினை பிடிக்கும், வயிறு புடைக்கும், ஆனால் முட்டை வெளியே வராது. பருவம் முடிந்ததும் உடலே அதை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வெள்ளத்தில் வலை கட்டிப் பிடித்த குஞ்சுகள் ஹவுராவிலிருந்து ரயிலேறி நாடெங்கும் போயின. வழியில் செத்தவை போக, மிஞ்சியதில் எது கெண்டை, எது கெண்டையைத் தின்னும் மீன் என்று வாங்கியவருக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஹிராலால் சவுத்ரி. 1921 நவம்பர் 21 அன்று, இன்று வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் பகுதியில் பிறந்தார். கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். பிரிவினையில் சொந்த மண் வேறு நாடாகிவிட, கொல்கத்தாவை அடுத்த பாரக்பூரில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கீழ்நிலைப் பணி ஒன்றில் சேர்ந்தார். பின்னர் அமெரிக்காவின் அலபாமாவுக்குப் போய் மேற்படிப்பு முடித்தார்.

மீனின் மூளைக்கு அடியில் எலும்புக் குழியொன்றில் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. முட்டையை முற்றச் செய்து வெளியேற்றும் கட்டளை அங்கிருந்துதான் வருகிறது. வெள்ளமும் ஓட்டமும் இல்லாத குளத்தில் அந்தக் கட்டளை பிறப்பதில்லை. அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே 1930-ல் மீனின் பிட்யூட்டரிச் சாற்றை வேறு மீனுக்குச் செலுத்திப் பார்த்தார். பிரேசில்காரர்கள் அதை மீன் வளர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் 1937-ல் பாலூட்டிகளின் பிட்யூட்டரியை மிர்காலுக்குச் செலுத்தும் முயற்சி நடந்தது. ஆனால் விவசாயி கைக்கு வரும் முறையாக அது வளரவில்லை. மீனுக்கு மீனின் சுரப்பியே பொருந்தும் என்ற வழியில் சவுத்ரி போனார்.

எடுத்த எடுப்பில் அவர் ரோகுவில் கை வைக்கவில்லை. 1955-ல் கட்லாவின் சுரப்பியை ஒரு சிறு மீனுக்குச் செலுத்தி முட்டையிட வைத்தார். எந்தச் சுரப்பி, எவ்வளவு, எத்தனை மணி இடைவெளி என்று படிப்படியாகத் தேறினார். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் என்ற ஊரில், கேரளத்தைச் சேர்ந்த அலிகுஞ்ஞியுடன் சேர்ந்து, குளத்துக் கெண்டையை முட்டையிட வைத்தார். அதே பருவத்தில் மிர்காலும் ரோகுவும் பணிந்தன. கட்லா சற்றுப் பிடிவாதக்காரி, பின்னால்தான் வழிக்கு வந்தாள். ஆண்டுதோறும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான்.

அன்றைய செய்முறையைச் சொல்கிறேன். செத்த மீனின் மண்டையைக் கீறிச் சுரப்பியை எடுத்து, நீர் கலவாத ஆல்கஹாலில் போட்டு வைப்பார்கள். தேவைப்படும்போது காய்ச்சி வடித்த நீரில் அரைத்து, தெளிந்த சாற்றை மட்டும் எடுத்து, வாலுக்கு அருகே சதையில் ஊசியாகப் போடுவார்கள். பெண் மீனுக்கு முதலில் கிலோ எடைக்கு 2 முதல் 3 மில்லிகிராம். ஆறு மணி நேரம் கழித்து 5 முதல் 8. ஆண் மீனுக்கு அந்த இரண்டாம் ஊசி நேரத்தில் ஒரே தடவை, 2 முதல் 3 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று ஹாப்பா துணித்தொட்டியில் விட்டால், சில மணி நேரத்தில் முட்டை விழும். அந்தி ஊசிக்கு விடியலில் முட்டை. இன்று பொரிப்பகங்களில் போடும் ஓவாப்ரிம் போன்ற மருந்துகள், மீனின் சொந்தச் சுரப்பியையே தட்டி எழுப்புபவை. ஊசி ஒன்றே போதும். பசுவின் சினைப் பிரச்சினைக்குக் கால்நடை மருத்துவர் போடும் ஊசிகளில் ஒன்றும் இதன் உறவுதான். குதிரைப் பண்ணைகளில், ஒரு பருவத்துக்கு ஒரு முட்டை விடும் பெண் குதிரையிடம் இரண்டு மூன்று பெறவும் பிட்யூட்டரிச் சாற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கெண்டையிலோ கணக்கு லட்சத்தில்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசி முட்டையை உண்டாக்குவதில்லை. முற்றிய முட்டையை வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான். தாய் மீனைப் பல மாதம் நல்ல தீவனம் போட்டுத் தேற்றாமல், வயிறு மென்மையாகும் முன்னரே ஊசி போட்டால் மீன்தான் சாகும். அதைவிட மோசம், ஒரே குடும்பத்து மீன்களையே ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்ப இணை சேர்ப்பது. வளராத குஞ்சு, கோணல் முதுகு என்று வருவதில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. ஆகவே குஞ்சு வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். தாய் மீன்களை எங்கிருந்து, எந்த ஆண்டு கொண்டுவந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பொரிப்பகத்தில் நான் வாங்க மாட்டேன்.

சவுத்ரி பின்னாளில் பிலிப்பைன்ஸில் பணியாற்றினார். அங்கே கையில் எடுத்தது, கடற்கரைக் குளங்களில் வளரும் பால் கெண்டை. கையால் பிழிந்தெடுத்த முட்டையில் விந்து சேர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்து, அதன் வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகப் பதிவு செய்த ஆய்வுக் கட்டுரை 1978-ல் வெளியானது; அதன் முதல் ஆசிரியர் அவர்தான். 2014 செப்டம்பர் 12 அன்று காலமானார்.

அடுத்த ஆண்டு, சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தொட்டிகளில் பால் கெண்டை முட்டையிட்டது. கொடுவா அங்கே 1997-லேயே பொரிக்கப்பட்டுவிட்டது. எண்ணூர்க் கழிமுகத்திலோ அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து கிடக்கிறது. ஓதத்தோடு வரும் குஞ்சை நம்பியிருந்த உவர்நீர்க் குட்டைக்காரர் இனி வண்டியைப் பொரிப்பகத்துக்குத்தான் விட வேண்டியிருக்கிறது.