ஆனந்தரங்கப் பிள்ளையின் சாட்சியம்

கெடில நதிக்கரையில், பண்ணுருட்டிக்கு அருகே, திருவதிகை என்னும் புராதன க்ஷேத்திரம் இருக்கிறது. அட்ட வீரட்டங்களுள் ஒன்று. திலகவதியார் தொண்டு செய்த இடம். திருநாவுக்கரசர் சூலை நோய் நீங்கிச் சைவத்துக்கு மீண்ட தலம். இவ்வளவும் சைவ உலகம் நன்கறியும். அறியாதது, அல்லது அறிந்தும் பேசாதது, வேறொன்று உண்டு. 1750-ஆம் ஆண்டு ஜூலையில் இவ்வாலயத்தைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக் கோட்டையாக்கிக்கொண்டனர். அதை மீட்க ஆர்க்காட்டு நவாப் மகம்மது அலி பெரும் படையுடன் வந்தார். அவருக்குத் துணையாகத் தேவனாம்பட்டணத்து ஆங்கிலேயர் சேனை வந்தது. சேனையின் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்ன நவாப் தராமற்போகவே, ஆகஸ்டில் ஆங்கிலேயர் கூடாரங்களைப் பெயர்த்துக்கொண்டு திரும்பிவிட்டனர். செப்டம்பர் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் நவாபின் பாளையத்தைத் தாக்கினர்; அவ்வளவு பெரிய படை சிதறி ஓடிற்று. சில நாட்களுக்குள் செஞ்சிக் கோட்டையும் வீழ்ந்தது. அடுத்த மூன்று ஆண்டுகளில் திருவதிகை பன்முறை கைமாறியது.

இக்கதையை நம்மவர் சொல்லும் முறை ஒன்றுண்டு. இரண்டு அன்னியக் கும்பினிகள் நம் நாட்டில் வந்து சண்டையிட்டன, நாம் நடுவில் நசுங்கினோம் என்பர். நசுங்கியது உண்மை. ஆனால் இருபுறத்துச் சேனைகளிலும் வெள்ளையர் சிலரே. சிப்பாய்களிலும் குதிரை வீரரிலும் மிகுதியானோர் இந்நாட்டார். சோறும் வைக்கோலும் மாடும் சேர்த்துக் கொடுத்தவரும், வேவு சொன்னவரும், வட்டிக்குக் கடன் கொடுத்தவரும் நம்மவரே. இதை அன்னியர் எழுதிய சரித்திரத்தினின்று அறிய வேண்டுவதில்லை. தமிழர் ஒருவரே தமிழில் எழுதி வைத்திருக்கிறார். அவரே புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வர்த்தகர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் தரகராயிருந்த தம் மைத்துனர் நைனியப்ப பிள்ளையின் அழைப்பின்பேரில் குடும்பத்துடன் அங்கே குடியேறினார். அந்த நைனியப்பருக்கு நேர்ந்த கதியை இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். 1716-இல் கவர்னர் ஏபேர் காலத்தில் அவர்மீது குற்றஞ்சாட்டி விசாரித்தனர். தமிழில் சொல்லிய வாக்குமூலங்கள் போர்ச்சுகீஸில் பெயர்க்கப்பட்டுப் பின் பிரெஞ்சில் எழுதப்பட்டன. சட்டத்தொழில் செய்த எவருக்கும் இவ்விசாரணையின் யோக்கியதை விளங்கும். பகிரங்கக் கசையடி, சிறை, சொத்துப் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று. 1717-இல் அவர் சிறையிலேயே மாண்டார். மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குக் கப்பலேறிப் போய் முறையிட்டுக் குடும்பத்தின் மானத்தை மீட்டார். கும்பினியாரின் நீதி இன்னதென்று ஆனந்தரங்கருக்குச் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது. தெரிந்தும் அவர்களையே சேவித்தார்.

வர்த்தகத்தில் அவர் வல்லவர். பறங்கிப்பேட்டையில் கும்பினியின் துணித் தொழிலை மேற்பார்த்தார். சொந்தக் கப்பல் வைத்துக் கடல் வாணிகம் செய்தார். 1746-இல் தலைமைத் துபாஷியான கனகராய முதலியார் இறந்தபின், மறுவருஷம் அப்பதவி இவருக்குக் கிடைத்தது. கவர்னர் துய்ப்ளேக்ஸ் நாட்டு ராஜாக்களோடும் நவாபுகளோடும் நடத்திய ராஜதந்திரங்களிற் பெரும்பகுதி இவர் வாய்வழியே நடந்தது. முஸாபர் ஜங் இவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்னும் பட்டமளித்தார். புலவர்கள் இவரைப் பாடினர். வடமொழியில் ஸ்ரீநிவாச கவி செய்த ஆனந்தரங்க விஜய சம்பு அவற்றுள் ஒன்று. திருவதிகையில் நவாப் படை சிதறியபோது வெற்றிபெற்ற கட்சியின் தலைமைத் துபாஷி பிள்ளையே.

இவையெல்லாம் மறைந்திருக்கக்கூடிய பெருமைகள். பிள்ளையை மறக்கவொண்ணாதவராகச் செய்தது அவருடைய தினசரி. 1736 செப்டம்பர் முதல் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு அவர் எழுதிவந்தார். பேச்சு வழக்கில், ஒளிவு மறைவின்றி, கப்பல் வரவும் சோதிடமும் சரக்கு விலையும் கவர்னரின் கோபமும் கவர்னர் மனைவியின் சூழ்ச்சியும் எல்லாம் கலந்து கிடக்கின்றன. தம்மைப்பற்றிய புகழ்ச்சிக்கும் குறைவில்லை.

அதில் 1743-ஆம் வருஷத்துச் செய்தி ஒன்று. ஏழை ஜனங்களை வஞ்சித்துப் பிடித்து அடைத்து வைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய ஒரு கூட்டத்தின் வேலை புதுச்சேரியில் அம்பலமாயிற்று. வாங்கியவர் வெள்ளையர். ஊர் ஊராய்ப் போய் ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் தமிழர். 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரெஞ்சுப் பார்லிமெண்டு, இந்து சமுத்திர அடிமை வாணிகத்தையும் மனித குலத்துக்கு விரோதமான குற்றமென்று சட்டமாக்கிற்று. அவ்வாறு விற்கப்பட்டவர்களுள் இந்தியரையும் பெயர் சொல்லிக் குறித்தது. வாங்கிய தேசம் வாய் திறந்து ஒப்புக்கொண்டது. பிடித்துக் கொடுத்தவர்களைப்பற்றி நம் மேடைகளில் யாம் ஒரு சொல்லும் கேட்டதில்லை.

மற்றொன்று 1748-ஆம் வருஷத்தது. ஆங்கிலேயக் கடற்படை புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த செப்டம்பர் மாதத்தில் வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. பாதிரிமார்கள் நெடுநாளாய் வேண்டி நின்ற காரியம் அது. யுத்த சமயம் சாக்காயிற்று. ஊர்ப் பெரியோர் பிள்ளையிடம் ஓடி வந்தனர். மூர்த்திகளையும் சாமான்களையும் வேறிடத்துக்குக் கொண்டுபோகும்படி அவர் சொன்னார். தமிழருக்குள் ஒற்றுமையில்லை, ஆதலால் தடுக்க முடியாது என்று மனம் நொந்து எழுதினார். அந்நாளில் புதுச்சேரித் தமிழருள் அவரினும் உயர்ந்த பதவியில் எவரும் இலர். பதவியை அவர் விடவில்லை. மறுநாளும் கவர்னர் மாளிகைக்குச் சென்றார், மறுநாளும் எழுதினார்.

அன்று இந்திய தேசமென்று ஒன்று ஏது, நவாபைச் சேவித்தவனுக்கும் கவர்னரைச் சேவித்தவனுக்கும் வேற்றுமை என்னை என்று சிலர் பிள்ளைக்காக வாதிப்பர். இவ்வாதத்தில் நியாயமில்லை என்று நாம் கூறமாட்டோம். ஆர்க்காட்டு நவாபுகளே அன்னியரின் துப்பாக்கியை வாடகைக்குப் பிடித்துத் தம்முள் அடித்துக்கொண்டனர். 1749-இல் சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைப் பிரெஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். பிள்ளையை மட்டும் துரோகியென்று தூற்றுவது நமக்குச் சம்மதமன்று. ஆயினும் இவ்வாதத்தை ஏற்பவர், அதன் மறுபாதியையும் ஏற்றாக வேண்டும். ஒருவரும் துரோகியல்லரெனில், இந்நாட்டை அன்னியர் வசமாக்கியவை அன்னியரின் சூழ்ச்சி மட்டுமன்று. நம் சாதிச் சண்டையும், நம் கூலியும், நம் லாபமும் அவற்றுள் சேரும். தேசாபிமானிகள் சிலர் இதைச் சொன்னால் அன்னியருக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்ததாகும் என்று அஞ்சுகின்றனர். கொள்ளையில் உடனிருந்தவனுடைய வாக்குமூலம் கொள்ளைக்காரனை விடுதலை செய்வதில்லை. நீதிமன்றங்கள் அதைப் புறந்தள்ளுவதுமில்லை.

பிள்ளையின் கடைசிக் காலம் பரிதாபமானது. 1754-இல் துய்ப்ளேக்ஸ் திருப்பியழைக்கப்பட்டார். உடல்நலமும் செல்வாக்கும் குன்றிய பிள்ளை 1756-இல் பதவியிழந்தார். பின் வந்த லாலி, சாதி பேதம் பாராமல் ஜனங்களைப் பிடித்துச் சுமை சுமக்கவைத்த கொடுமையையும் அவர் கண்டார். 1760-ஆம் வருஷக் கடைசியில் ஆங்கிலேயர் முற்றுகை இறுகி உணவு குறைந்தபோது, சுமார் 1,400 சுதேசிகள் புதுச்சேரியினின்று வெளியே துரத்தப்பட்டனர். ஆங்கிலேயர் அவர்களை அப்பால் போக விடவில்லை. பிரெஞ்சுக்காரர் உள்ளே திரும்ப விடவில்லை. இரண்டு சேனைகளுக்கும் நடுவே ஒரு வாரம் அவர்கள் கிடந்தார்கள். 1761 ஜனவரி 16-இல் நகரம் சரணடைந்தது. அந்நாட்களிலேயே பிள்ளையும் காலமானார். ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர்.

தினசரி எஞ்சியது. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அச்சுவடிகளைக் கண்டெடுத்துப் பிரதி செய்வித்தார். சென்னைச் சர்க்கார் 1904 முதல் 1928 வரையில் அதைப் பன்னிரண்டு வால்யூமாக ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டனர். தமிழ் மூலம் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கியது 1948-இல்.