கேட்பவர் மனம் அறிந்த மெய்யப்பர்

நம் திருமயம் கோட்டையைத் தாண்டித் தெற்கே செல்லும் சாலை காரைக்குடிக்குப் போகிறது. அந்த ஊரில் 1907ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் பிறந்தவர் ஏவி. மெய்யப்ப செட்டியார். ஏவி.எம். என்ற மூன்றெழுத்தால் தமிழகம் முழுவதும் அறியப்பட்டவர். படத் தயாரிப்பாளர் என்றே பலரும் அவரை நினைக்கின்றனர். ஆனால் அவர் தொழில் கற்றது படக்கூடத்தில் அன்று, ஒரு கடையில்.

அவருடைய தந்தையார் ஆவிச்சி செட்டியார் காரைக்குடியில் நடத்திவந்த கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. படிப்பை அதிக நாள் தொடராமல், இளமையிலேயே மெய்யப்பர் அக்கடையில் அமர்ந்தார்.

அன்பு மாணவியரே! கிராமபோன் என்றால் இன்று உங்களில் பலர் கண்டிருக்க மாட்டீர்கள். 1877இல் எடிசன் ஒலியைப் பதிவு செய்யும் கருவியைக் கண்டார். அதன் பின் பத்தாண்டில் பெர்லினர் தட்டையான இசைத்தட்டு முறையை உருவாக்கினார். கைப்பிடியைச் சுழற்றிப் பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும். தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். எஃகு ஊசி அதன் வரிப்பள்ளத்தில் ஓட, குழாய் வழியே பாட்டு வரும். ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடமே பாட்டு. ஊசியோ விரைவில் தேய்ந்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டும். தட்டு கை தவறி விழுந்தால் உடைந்து போகும். இவ்வளவு தொல்லை இருந்தும், பெட்டி வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியது.

புதுப் பொருள் எது வந்தாலும் இருவகைப் பேச்சு எழுவது வழக்கம். மூன்று நிமிடத்திற்குள் ஒரு கீர்த்தனையை அடக்கினால் சங்கீதம் கெட்டுவிடும் என்று அஞ்சிய வித்துவான்கள் உண்டு. மறுபுறம், கச்சேரிக்கும் நாடகத்துக்கும் போக வழியில்லாத பெண்கள், வீட்டுக்குள்ளேயே கே.பி. சுந்தராம்பாள், கிட்டப்பா பாடல்களைக் கேட்டு மகிழ்ந்தார்கள். இரண்டும் உண்மையே.

தட்டைப் போட்டுக் கேட்டுப் பார்த்துத்தான் அந்நாளில் பலரும் வாங்குவார்கள். எந்தப் பாட்டுக்கு முகம் மலர்கிறது, எதற்குப் பாதியிலேயே எழுந்து போகிறார்கள் என்பதைக் கடைக்காரன் எதிரிலிருந்தே காணலாம். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அவருக்கு வேறு கிடைத்திருக்காது.

பிறர் பதிவு செய்த தட்டை விற்பதோடு நிற்காமல் தாமே பதிவு செய்து வெளியிட விரும்பி, மெய்யப்பர் சென்னை சென்றார். 1930களின் தொடக்கத்தில் நண்பர்களுடன் கூட்டாகச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மனி நாட்டு ஓடியன் இசைத்தட்டுகள் அதன் மூலம் தமிழர் இல்லங்களை அடைந்தன.

பேசும் படம் வந்ததும் அதிலும் இறங்கினார். 1935இல் வெளிவந்த 'அல்லி அர்ஜுனா' தோல்வி கண்டது. அடுத்த 'ரத்னாவளி'யும் கைகொடுக்கவில்லை. பணம் போனது, ஆனால் மக்கள் ஏற்காததை மக்கள் மேல் பழியாகப் போடாமல், குறையைத் தம் வேலையில் தேடினார். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்தில், நடித்தவருக்குப் பதிலாக லலிதா வெங்கட்ராமன் என்பவரைப் பாட வைத்தார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாட்டு அங்கே தொடங்கியது. 1941இல் வந்த 'சபாபதி' வீடுதோறும் சிரிப்பைக் கொண்டு சேர்த்தது. 1945இல் 'ஸ்ரீ வள்ளி'யில் நாயகியின் பாட்டு மனநிறைவு தராதபோது, பி.ஏ. பெரியநாயகியின் குரலை அவ்விடங்களில் சேர்த்தார். தட்டுக் கடையில் பழகிய காது, படத்திலும் குறையைப் பொறுக்கவில்லை.

அதே 1945இல் ஏவி.எம். நிறுவனம் தோன்றியது. போர்க்காலத் தட்டுப்பாடுகளால் சென்னையில் படக்கூடம் அமைக்க இயலாமல், காரைக்குடியிலேயே கொட்டகை அமைத்தார். 1947 பொங்கலையொட்டி வெளியான 'நாம் இருவர்' அங்கே உருவானது. டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள், விடுதலை பிறக்கவிருந்த அவ்வாண்டில் தமிழகமெங்கும் ஒலித்தன. நம் வட்டாரத்துக் கொட்டகையில் பதிவான ஒலி அது என்பதை நாம் மறக்கலாகாது. 1948இல் படக்கூடம் கோடம்பாக்கத்துக்கு மாறியது.

இப்போது அவர் வாழ்வின் பெரிய சோதனைக்கு வருவோம். பாரதியார் பாடல்களைத் தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை மெய்யப்பர் விலை கொடுத்து வாங்கியிருந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் தம் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது வழக்கு எழுந்தது. சட்டப்படி உரிமை அவருடையது. ஆனால் கேட்கும் மக்களோ, நாட்டுக்குப் பாடிய கவிஞனின் பாட்டு ஒருவருடைய சொத்தாகலாமா என்று கேட்டார்கள். எழுத்தாளரும் நாடகக் கலைஞரும் குரல் எழுப்பினர். 1949இல், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராயிருந்த காலத்தில், அரசு அவ்வுரிமையைப் பெற முன்வந்தது. மெய்யப்பர் ஈட்டுத்தொகை எதுவும் பெறாமல் அதை ஒப்படைத்தார். பின்னர் பாரதியின் படைப்புகள் மக்கள் அனைவருக்கும் பொதுவாயின. இன்று நம் பள்ளி விழாவில் பாரதி பாட்டைப் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்றால், அந்த நிகழ்ச்சியும் அதற்கு ஒரு காரணம்.

அதன்பின் 1952இல் 'பராசக்தி', 1957இல் குழந்தைகளுக்கென இந்தியில் 'ஹம் பஞ்சி ஏக் டால் கே' எனப் பல படங்கள் அவர் படக்கூடத்தில் பிறந்தன. 1979 ஆகஸ்ட் 12ஆம் நாள் அவர் மறைந்தார்.

கிராமபோன் போய் வானொலி வந்தது. டேப் ரிக்கார்டர், தொலைக்காட்சி, கைப்பேசி என்று பெட்டி மாறிக்கொண்டே வருகிறது. ஒவ்வொன்றும் வரும்போது பெற்றோர் கவலைப்படுவதும் பிள்ளைகள் துள்ளுவதும் மாறவில்லை. மெய்யப்பர் வாழ்வு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. வாங்குபவர், கேட்பவர் ஆகியோரின் கருத்து சிறியதன்று. அவர்கள் ஒதுக்கியதால் படங்கள் தோற்றன. அவர்கள் கேட்டதால் ஒரு கவிஞன் பொதுச் சொத்தானான். ஆகவே மாணவியரே, வீட்டுக்கு எந்தப் புதுக் கருவி வந்தாலும் அதன் பளபளப்பைப் பார்த்து மயங்காமல், அதிலிருந்து வருவது கேட்கத்தக்கதா என்று எண்ணிப் பாருங்கள். நன்றாயிருந்தால் நன்று என்று சொல்லுங்கள், இல்லையேல் நிறுத்திவிடுங்கள். அந்த உரிமை உங்கள் கையில் இருக்கிறது.