க்யூவுக்குக் கணக்கு எழுதியவர்: யார் இந்த எர்லாங்?

வாரம் ஆறு நாள் ஷிஃப்ட், ஏழாவது நாள்தான் ஓய்வு. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கும் பலருக்கு வாழ்க்கை இப்படித்தான் ஓடுகிறது. அந்த ஒரு நாளில் நண்பர்களோடு பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் குயின்ஸ்லேண்டுக்கோ, கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கமோ கிளம்பினால், அன்றைக்கு எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். மூணு நிமிஷ ரைடுக்கு முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தால், கிடைத்த ஒரே லீவும் வரிசையிலேயே கரைந்துபோகும்.

கூட்டம் வந்தால் க்யூ நிற்கத்தானே செய்யும், இதில் என்ன கணக்கு இருக்கிறது என்று தோன்றலாம். இருக்கிறது. கூட்டம் கொஞ்சம் கூடினாலே காத்திருப்பு பல மடங்கு ஏறுவது ஏன் என்பதற்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே சூத்திரம் எழுதினார் ஒரு டென்மார்க்காரர். அவர் பெயர் ஆக்னர் கிராரப் எர்லாங். தீம் பார்க் என்ற ஒன்று வருவதற்கு வெகு காலம் முன்பே வாழ்ந்து மறைந்த அவருக்கு, அந்தக் கணக்கு கிடைத்தது டெலிபோனில் இருந்து.

தலைகீழாகப் படித்த சிறுவன்

1878 ஜனவரி 1-ம் தேதி, டென்மார்க்கின் ஜட்லாந்து பகுதியில் உள்ள லோன்போர்க் என்ற சின்ன கிராமத்தில் எர்லாங் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் ஒரு அண்ணன், இரண்டு தங்கைகள். ஒரே புத்தகத்தை அண்ணனும் தம்பியும் படிக்க வேண்டியிருந்தால், அண்ணன் நேராக உட்கார்ந்து படிப்பார். தம்பி மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, எழுத்துகளைத் தலைகீழாகவே படித்து முடித்துவிடுவார்.

14 வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் நடத்திய தொடக்கநிலைத் தேர்வை எழுதினார். அதற்கு வயது போதாததால் சிறப்பு அனுமதி வாங்க வேண்டியிருந்தது. சிறப்பாகத் தேறியும் உடனே மேலே படிக்கப் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, அப்பாவின் பள்ளியிலேயே இரண்டு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தார். பிறகு 1896-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். குடும்பத்தில் பெரிய வசதி இல்லை, உதவித்தொகைதான் கைகொடுத்தது. 1901-ல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அடுத்த ஏழு ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை. வகுப்பு முடிந்த பிறகும் கணக்கை விடவில்லை, டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்குப் போய் வந்தார். அங்கேதான் யோஹன் யென்சன் அறிமுகமானார். இன்றும் கல்லூரிக் கணிதப் பாடத்தில் யென்சன் சமனின்மை என்று வருமே, அதே யென்சன்தான். அவருக்குப் பிழைப்பு கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில், தலைமைப் பொறியாளர் வேலை. யென்சன் மூலமாக நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்கு எர்லாங் அறிமுகமானார். 1908-ல், 30 வயதில், டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

20 அழைப்பு, ஒரே லைன்

அந்தக் காலத்து டெலிபோனில் எண்ணைத் தட்டினால் ரிங் போகாது. ரிசீவரை எடுத்ததும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டர் பேசுவார். யாரிடம் பேச வேண்டும் என்று சொன்னால், ஒயரை எடுத்து உரிய துளையில் செருகி இணைப்பு தருவார். ஆபரேட்டர்களும் லைன்களும் குறைவாக இருந்தால் வாடிக்கையாளர் காத்துக் கிடப்பார். அதிகமாக வைத்தால் கம்பெனியின் காசு வீணாகும். எத்தனை இருந்தால் சரி என்பதுதான் எர்லாங் முன்னால் இருந்த கேள்வி.

ஒரு கிராமத்தில் இருந்து வெளியூருக்கு ஒரே ஒரு லைன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 20 அழைப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிடம். பெருக்கினால் 60 நிமிடம். ஒரு லைன் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆனால் எர்லாங்கின் சூத்திரப்படி, லைன் பிஸியாக இருக்கும்போது வரும் அழைப்பு துண்டிக்கப்படும் என்றால், பாதி அழைப்புகள் தோற்றுப்போகும். காரணம், யாரும் பேசி வைத்துக்கொண்டு ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று அழைப்பதில்லை. ஒரே நிமிடத்தில் நாலு பேர் அழைப்பார்கள். அடுத்த பத்து நிமிடம் ஒருவரும் அழைக்க மாட்டார்கள். சும்மா கிடந்த அந்தப் பத்து நிமிடத்தைச் சேமித்து வைத்து, நெரிசல் நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தவும் முடியாது.

சரி, லைன்களைக் கூட்டினால்? இரண்டு லைன் இருந்தால் 20 சதவீத அழைப்புகள் தோற்கும். மூன்று என்றால் சுமார் 6 சதவீதம். நான்கு என்றால் 1.5 சதவீதம். ஐந்து என்றால் 0.3 சதவீதம்தான். முதலில் சேர்க்கும் லைன்கள் பெரிய நிம்மதி தருகின்றன. போகப் போக, சேர்க்கும் ஒவ்வொரு லைனுக்கும் கிடைக்கும் பலன் குறைகிறது. எங்கே நிறுத்துவது என்பதை இனி குத்துமதிப்பாக முடிவு செய்ய வேண்டியதில்லை, கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

அழைப்புகள் தாறுமாறாக வருவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை 1909-ல் வெளிவந்த கட்டுரையில் எர்லாங் காட்டினார். புள்ளியியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பாய்சான் பரவல்தான் அந்த ஒழுங்கு. 1917-ல் வந்த கட்டுரையில், எத்தனை அழைப்பு தோற்கும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற இரண்டுக்குமான சூத்திரங்களைத் தந்தார். பிரிட்டன் தபால் துறையின் டெலிபோன் பிரிவு அதை எடுத்துப் பயன்படுத்தியது. எர்லாங் ரொம்பச் சுருக்கமாக எழுதுவார், நிரூபணங்களை விரிவாகத் தர மாட்டார். அவர் எழுதியதை மூலத்திலேயே படிப்பதற்காக, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் டேனிஷ் மொழியே கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கடைசியாக வரும் மூணு பேர்

காத்திருப்புக் கணக்கை ஒரு டிக்கெட் கவுன்டரில் பொருத்திப் பார்க்கலாம். ஒருவருக்கு டிக்கெட் தர சரியாக 2 நிமிடம். அப்படியென்றால் மணிக்கு 30 பேருக்குத் தர முடியும். ஆட்கள் மட்டும் தாறுமாறாக வருகிறார்கள்.

மணிக்கு 15 பேர் வந்தால், சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம். 24 பேர் வந்தால் 4 நிமிடம். 27 பேர் வந்தால் 9 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு 57 பேர், அதாவது கவுன்டரின் திறனில் 95 சதவீதம் என்றால், 19 நிமிடம்.

24-க்கும் 27-க்கும் வித்தியாசம் மூணே பேர். காத்திருப்போ இரண்டு மடங்குக்கும் மேல். நிரம்பி வழியும் நிலையை நெருங்க நெருங்க, கூடுதலாக வரும் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய நேரத்தையும் தின்கிறார்கள். இதைத் திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தி கிடைக்கும். கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும் நேரத்தைப் பிடித்தாலே போதும், காத்திருப்பு தடாலென்று இறங்கிவிடும்.

ஏணியோடு ஒரு கணிதவியலாளர்

எர்லாங் ஆய்வுக்கூடத்திலேயே அடைந்து கிடந்தவர் இல்லை. தெருவுக்கு அடியில் போகும் கேபிள்களை அளக்க, ஏணி தூக்கிய ஒரு தொழிலாளியைக் கூட்டிக்கொண்டு கோபன்ஹேகன் தெருக்களில் நடப்பார். ஒவ்வொரு மேன்ஹோலாக இறங்கிப் பார்ப்பார்.

அதிகம் பேச மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் புத்தகங்கள் வாங்கிச் சேர்த்தார். கணிதமும் வானியலும் இயற்பியலும் நிறைந்த அந்த நூலகத்தைக் கேட்டவர்களுக்குத் திறந்து விட்டார். கஷ்டப்படுகிறவர்கள் அவரைத் தேடி ஆய்வுக்கூடத்துக்கே வருவார்கள், வெளியே தெரியாமல் உதவி செய்து அனுப்புவார்.

ஏறக்குறைய 20 ஆண்டுகள், உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போடாமல் வேலைக்கு வந்தவர் அவர். 1928 நவம்பரில் வயிற்றுக் கோளாறால் படுத்தார். 1929 ஜனவரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனார். வயது 51.

அவர் பெயர் பிறகுதான் உலகம் முழுக்கப் போனது. டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு 1946-ல் சர்வதேச அளவில் 'எர்லாங்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க பிஸியாக இருந்தால் அது 1 எர்லாங். ஒரகடத்தில் உள்ள நோக்கியா ஆலையில் மொபைல் நெட்வொர்க் கருவிகள் தயாராகின்றன. அப்படிப்பட்ட நெட்வொர்க்கில் குரல் அழைப்புகளின் நெரிசலை அளப்பது இந்த அலகில்தான். 1986-ல் எரிக்சன் நிறுவனம் உருவாக்கத் தொடங்கிய ஒரு கணினி மொழிக்கும் எர்லாங் என்றே பெயர். வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அந்த மொழியில்தான் எழுதப்பட்டன.

ரைடு வரிசையில் எர்லாங்

சரி, பார்க்கில் இந்தக் கணக்கு எப்படி உதவும்?

நாளை மாற்றுங்கள்: ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்ததற்கு காம்ப்-ஆஃப் கிடைத்தால், அதை வார நாளில் எடுத்து பார்க்குக்குப் போகலாம். வார நாளில் கூட்டம் பாதியாகக் குறைந்தால், காத்திருப்பு பாதியை விடவும் ரொம்பக் கீழே இறங்கும்.

முதல் மணி நேரத்தை விடாதீர்கள்: ஒரு ரோலர் கோஸ்டரில் 20 சீட், 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால், மணிக்கு 300 பேர் ஏறலாம். 11 மணியில் இருந்து 12 மணிக்குள் 500 பேர் வந்தால், 200 பேர் மிச்சம். 12 மணிக்குப் போய் நிற்பவருக்கு 40 நிமிடம் காத்திருப்பு. வரும் கூட்டம் மணிக்கு 300-க்குக் கீழே இறங்கும்வரை அந்த வரிசை குறையாது. அதனால் கேட் திறந்ததும் பெரிய ரைடுக்கு நேராகப் போய்விட வேண்டும். செல்ஃபியும் சின்ன ரைடுகளும் பிறகு.

எல்லோரும் சாப்பிடும்போது ஏறுங்கள்: 1 மணிக்கு மொத்தக் கூட்டமும் சாப்பாட்டுப் பக்கம் நகரும். 12 மணிக்கே சாப்பிட்டு முடித்தவருக்கு அது நல்ல நேரம்.

வரிசையின் நீளத்தைப் பார்த்து பயப்பட வேண்டாம்: முன்னால் நிற்பவர்களை எண்ணி, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன ரைடில் முன்னால் 100 பேர் என்றால் 20 நிமிடம். இரண்டே சீட் உள்ள ரைடும் 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று போனால், முன்னால் 20 பேர் நின்றாலே 40 நிமிடம். குட்டை வரிசைதான் பல நேரம் ஏமாற்றும். 1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் நிரூபித்த விதியின் எளிய வடிவம் இது.

டோக்கனும் ஃபாஸ்ட் பாஸும் வேறு வேறு: திருப்பதியில் நேரம் குறித்து தரிசன டோக்கன் தருவதும், டிஸ்னி பூங்காக்கள் 1999-ல் கொண்டுவந்த முறையும் ஒரே யோசனைதான். வருபவர்களை நாள் முழுக்கப் பரப்பி விட்டால், நெரிசல் நேரம் தணிகிறது, எல்லோருக்குமே லாபம். காசு கொடுத்து முன்னால் போகும் பாஸ் அப்படி இல்லை. அதனால் ஒரு சீட்கூடக் கூடுவதில்லை. ஒருவர் மிச்சப்படுத்தும் நேரத்தை, பின்னால் நிற்பவர்கள் கொடுக்கிறார்கள்.

வார நாளில் லீவு கேட்க முடியாதவரும், பாஸுக்குக் கூடுதல் காசு கொடுக்க முடியாதவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஞாயிற்றுக்கிழமை நீண்ட வரிசையில் அதிக நேரம் நிற்பதும் அவர்தான். ஆனால் அந்த நீளம் அவருடைய தலையெழுத்து இல்லை. ரைடுகளை எத்தனை சுற்று ஓட்டுவது, கவுன்டர்களை எத்தனை திறப்பது, கூட்டத்தை எப்படிப் பரப்புவது என்று நடத்துபவர்கள் எடுக்கும் முடிவுதான் அதைத் தீர்மானிக்கிறது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனி அந்த முடிவைக் கணக்குப் போட்டு எடுக்க ஓர் ஆளை வேலைக்கு வைத்தது. அவர் எழுதிய சூத்திரம் எந்த பார்க்கும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் இன்றும் இருக்கிறது.